முட்டிக்கு மேல் ஏறாத சேலை

2005-ஆம் வருடம். தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனிக்கு எங்களை ஏற்றிப்போன வேன் கவிழ்ந்ததில், என் வலது முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி கட்டினார்கள்.

காலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுக்க ஒரு இளைஞர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். மடக்க வேண்டுமென்றால் சேலையை முட்டிக்கு மேலே ஏற்ற வேண்டும். வார்டு முழுக்க ஆட்கள். எனக்கு உடம்பே கூசிப்போனது. "வீட்டுல போய்ச் செஞ்சுக்கிடுதேன் தம்பி" என்று சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வீடோ ஒரே அறை. மகனைத் தேடி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒதுங்கப் போவதற்குக்கூட மருமகள் தோளைப் பிடிக்க வேண்டும் என்பதால் தண்ணீரையே குறைத்துக் குடித்தேன். அவள் காலைத் தொட வந்தால், "நீ கம்பெனிக்குக் கெளம்பு. நானே மடக்கிப் பாத்துட்டேன்" என்பேன்.

மறுபடி டாக்டரிடம் போனபோது கால் விறகுக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. அவர் அழுத்தியும் மடங்கவில்லை.

"ஆபரேஷன் நல்லாத்தானம்மா செஞ்சோம். வீட்டுல நீங்க என்ன பாத்தீங்க? இப்படியே விட்டா மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்கணும்" என்று என் மருமகளைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவள் தலைகுனிந்து நின்றாள். கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அவள வையாதீக சார். சேலையத் தூக்க வெக்கப்பட்டு நாந்தான் மடக்கவே இல்ல."

அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னபோது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "நாங்களும் கேட்டிருக்கணும்மா" என்றார் டாக்டர். திரையை இழுத்து மறைக்கச் சொல்லி, ஒரு நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் மருமகள் கேட்டாள்: "எங்கிட்டயுமா அத்தே வெக்கம்?"

வீட்டுக்கு வந்ததும் தன் சுடிதார் பேன்ட் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதப் போட்டுக்கிடுங்க. எம்புட்டு மடக்குனாலும் ஒண்ணும் தெரியாது." பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பேன்ட்! மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் வலியில் கத்துவது தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று டிவியை அலற விட்டாள். அப்புறம் காலைப் பிடித்தாள். நான் அழ அழ மடக்கினாள். தினமும் மடக்கினாள்.

மறுபடி மயக்க மருந்து தேவைப்படவில்லை. இப்போது ஊன்றுகோல் இல்லாமல் பஸ் ஏறுகிறேன். ஆனால் தரையில் சம்மணம் போட முடியாது. முதலிலேயே மடக்கியிருந்தால் அதுவும் முடிந்திருக்கும் என்றார் டாக்டர்.

கூச்ச சுபாவம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் யாருக்காவது காலில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்த்து, பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஒங்களுக்கு எதுக்கும் வெக்கமா இருக்கா?" என்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.