மேற்குச் சரிவில் ஒன்றுமில்லை

மழையில் நனைந்துபோன செய்தித்தாளை மருமகள் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயப்போட்டிருந்தாள். ஈரக் காகிதம் சூடேறும்போது ஒரு வாசனை வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது வந்தால் காப்பி உள்ளே இறங்காது. மனசு கீரிப்பாறைக்கு மேலே ரிசர்வ் காட்டுக்குள் ஏறிவிடும்.

திருவிதாங்கூர்-கொச்சி காலம். தாவரவியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை, அந்த மலையில் என்னென்ன செடிகொடிகள் இருக்கின்றன என்று பதிவுசெய்யும் வேலைக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். ஆபீசருக்கு முழங்கால் வலி, முகாமைவிட்டு நகரமாட்டார். நானும், அந்த மலையிலேயே வாழும் காணிப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஈச்சன் காணியும்தான் மலை ஏறுவோம். இலத்தீன் பெயர்களைத் தலைகீழாக ஒப்பிப்பேன். அட்டை கடித்தால் அலறுவேன். காணி சிரிக்காமல் புகையிலையை நனைத்துத் தேய்த்துவிடுவார். ஆபீசர் அவருக்குப் பெரிய சார், நான் கொச்சுசார். எது எங்கே முளைக்கும், எப்போது பூக்கும் என்று அவர் காட்டியதையெல்லாம் நானே கண்டுபிடித்ததாக ஆபீசரிடம் காட்டிக்கொண்டேன். காணிக்கு அது தெரியாது.

ஒருநாள் ஓடைப் பாறையின் இடுக்கில் ஒரு பூவைக் காட்டினார். மஞ்சளில் செம்புள்ளி. மொத்தமே ஐந்து செடிகள்.

"ஒண்ணு மதி, கொச்சுசாரே. பாக்கி நிக்கட்டு. வேற எங்கயும் இது கெடயாது."

"செரி, ஒண்ணு போதும்" என்றேன். ஆனால் ஆபீசர் எல்லாவற்றிலும் ஐந்து மாதிரிகள் கேட்பார். காணி தண்ணீர் மொள்ளப் போன சமயம் ஐந்தையும் வேரோடு பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் முகாமில் காகிதங்களைத் தீயருகே காயவைத்து, செடிகளை ஒவ்வொன்றாக அவற்றுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். காணி விறகோடு வந்து நின்றார்.

"அஞ்சும் எடுத்தாச்சா?"

"ஆபீசரு கேட்டாரு..."

"ஒண்ணு மதியிண்ணுதானே சொன்னேன்?"

அவ்வளவுதான். விறகை இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். பார்க்கப் பாக்கியிருந்தது மேற்குச் சரிவு மட்டும்தான். அடர்ந்த காடு. எதைக் கேட்டாலும், "இங்க ஒண்ணும் இல்ல, கொச்சுசாரே" என்று முன்னால் நடந்தார். நான்கு நாட்கள் அப்படியே போயின. அவர் விரல் நீட்டாத காட்டில் எனக்கு வெறும் பச்சைதான் தெரிந்தது.

ஆபீசர் சொல்லச் சொல்ல அறிக்கையை எழுதியவன் நான்தான். 'மேற்குச் சரிவில் குறிப்பிடத்தக்க இனங்கள் இல்லை' என்ற இடத்தில் கை நின்றது.

"என்னடே, மை தீந்துபோச்சா?"

உண்மையைச் சொன்னால், இதுவரை எல்லாவற்றையும் கண்டுபிடித்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். நிரந்தர உத்தியோகம் தருவதாக ஒரு பேச்சும் இருந்தது.

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அந்த வரியை எழுதி முடித்தேன்.

உத்தியோகம் கிடைத்தது. அந்த ஒற்றை வரியைக் காட்டித்தான் சில வருடங்களில் சரிவைச் சுத்தமாக வெட்டி ரப்பர் நட்டார்கள். காணியின் குடும்பம் இன்னும் உள்காட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தேடிப் போகத் துணிவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அந்த மலைக்குப் போனேன். சரிவைத் தாண்டியும் வரிசை வரிசையாக ரப்பர்; அந்தப் பூ நின்ற ஓடை இருந்த இடத்தில் சரளைக்கல் பாதை. பால் எடுத்துக்கொண்டிருந்த பெண், "என்ன தேடுதிய?" என்று கேட்டாள். ஒரு பூ என்றேன்.

"பேரு என்ன?"

எனக்கு இலத்தீன் பெயர்தான் தெரியும். காணி அதை என்ன சொல்லி அழைத்தார் என்று நான் கேட்கவே இல்லை.