குசினி இல்லாத அறை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கனடாவின் கியூபெக் நகரத்தில் ஹோட்டல் தேடியது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் அப்பா. எந்த நாட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குவோம். அம்மா போய் இறங்கியதும் சமைக்கப் போய்விடுவார்.

“குசினி இல்லாத அறையாப் பார்,” என்றார்.

“சோறில்லாமல் இருப்பீங்களோ, அப்பா?”

“ஏலாதுதான். ஆனா குசினி இருந்தா கொம்மா சமைப்பா. ஒருக்கா அவ இருந்து சாப்பிடட்டும்.”

பழைய கோட்டை மதிலுக்குள் ஓர் அறையைப் பதிவுசெய்தேன். மொன்றியலில் இருக்கும் அப்பாவின் தங்கச்சியான மாமியிடம், அவர் வீட்டில் தங்கமாட்டோம் என்று சொல்வதுதான் மிச்சம். அப்பா அதற்குத்தான் பயந்தார்.

“மாமிக்குச் சொன்னீங்களோ?”

“ஞாயிறு போன் எடுக்கிறன். இப்ப அவ நித்திரை.”

“அங்க இப்ப மத்தியானம்.”

“மத்தியானமும் படுப்பா.”

சனிக்கிழமை நெஞ்சுவலி வந்தது. அன்றே அப்பா இறந்துபோனார்.

செத்தவீட்டுக்கு வந்த மாமி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கட வீட்டை வந்து நில்லுங்கோ மச்சாள், மேலறை ஆயத்தமாக் கிடக்கு,” என்றார். அம்மா என்னைப் பார்த்தார்.

ஹோட்டல் அறையை நான் ரத்துச் செய்யவில்லை. மாமிக்கு இன்னும் யாரும் சொல்லவுமில்லை.