மாமனாரின் தனிச் சொம்பு

அரைஞாண் கயிறுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது என் வீட்டுக்காரர் தன் அப்பாவின் இடுப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "நைனாவுக்குக் கயிறு இடுப்புல நிக்கல. முடிச்சு மேல முடிச்சு போட்டு வச்சிகினு கீறாரு" என்றார். அது யுத்த காலம். யார்தான் இளைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனேன்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. எங்கள் நிலத்தில் கேழ்வரகுகூட வரவில்லை. ரேஷனில் போட்டது கல்லாட்டம் சோளம். கிடைத்த கொஞ்சம் நொய்யரிசியை எனக்குக் கஞ்சி வைக்க ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளை பெற்று ஐந்து மாதம், பால் கொடுக்கிறவள். மாமியார் இல்லாத வீடு. வீட்டுக்காரர் விடிந்ததும் அரக்கோணத்துக்கு ரயில்வே வேலைக்குப் போய்விடுவார். மாமனாருக்குச் சோறு போடுவது நான்தான். போடுவது என்றால், தட்டை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பது. மாமனார் சாப்பிடும்போது மருமகள் எதிரே நிற்கக்கூடாது, நேராகப் பேசவும் கூடாது. பள்ளிப்பட்டிலிருந்து கிளம்பும்போதே என் அம்மா சொல்லி அனுப்பியது.

தட்டு காலியாகத் திரும்பி வரும். கழுவி வைப்பேன். கொல்லைப்புறம் சுற்றும் தெருநாய் ஒன்று மட்டும் அந்தப் பஞ்சத்திலும் கொழுத்துக்கொண்டே வந்தது. கல்லெடுத்து விரட்டினேனே தவிர யோசிக்கவில்லை. மூளையை அம்மா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன் போல.

ஒரு நாள் காலை, அவர் பல் விளக்கிவிட்டுப் போன இடத்தில் ரத்தம் பார்த்தேன். எச்சிலோடு கலந்த ரத்தம். காலால் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார், சரியாக மூடவில்லை.

எலும்புருக்கி, காசம்தான் என்று நானே முடிவு கட்டினேன். ஆள் இளைக்கிறார், அவ்வப்போது இருமுகிறார், ரத்தம் துப்புகிறார். இன்னும் என்ன வேண்டும்? பக்கத்து வீட்டு அக்கா வேறு, கனகம்மாசத்திரத்தில் ஒரு வீட்டில் மாமனார், மகன், கைக்குழந்தை என்று வரிசையாகப் போன கதையைச் சொன்னாள். "எல்லாரும் ஒரே சொம்புல குடிச்சிகினு இருந்தாங்களாம்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து பிள்ளை தும்மினால் என் உயிர் போய்த் திரும்பி வந்தது. அடுப்பில் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய் அதன் நெஞ்சில் காதை வைத்து வைத்துக் கேட்பேன். என்ன கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மாமனாருக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு வைத்தேன். தப்பித் தவறியும் கலந்துவிடக் கூடாதென்று சொம்பின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினேன். "கொழந்தையத் தூக்க வேணாம்னு உங்க நைனாகிட்ட சொல்லிடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சொன்னார். "ஆங்" என்ற ஒரு சத்தம்தான் கேட்டது. அதற்கப்புறம் பிள்ளை அழுதால் மாமனார் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

டாக்டரிடம் போகப் பயம். அந்த நோயின் பெயரை அவர் வாயால் சொல்லிவிட்டால் என்ன செய்வது? வீட்டுக்காரர் மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார், நைனாவுக்கு மொட்டை போடுவதாக.

அடிவாரத்துக் குளத்துப் படியில் அவரை உட்கார வைத்தோம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். தலையை மழித்து முடித்த நாவிதர், தாடியை வழிக்கக் கன்னத்தைக் கட்டைவிரலால் இழுத்தார். மாமனார் துள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா பெரியவரே, உள்ள வீங்கிகினு கீது? வாயத் தொறங்க" என்றார் நாவிதர். குனிந்து வெயிலில் பார்த்தார். "கடவாய்ப் பல்லெல்லாம் ஆடுது. ஈறு பூரா சீழும் ரத்தமும். இத வச்சிகினு சோளத்த எப்டி துன்னீங்க?"

"எங்க துன்னேன்" என்றார் மாமனார். "நாய்க்குப் போட்டேன்."

"ஏன் நைனா சொல்லல?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

மாமனார் மகனைப் பார்த்துத்தான் பேசினார். "சொன்னா அந்தப் பொண்ணு தன் கஞ்சிய எனக்கு ஊத்திடும். பச்சப் புள்ளைக்கு அப்புறம் பாலு?"

அரக்கோணத்தில் பல்லைப் பிடுங்கியதும், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், கரைத்த கூழைக் குடித்தே மாமனாரின் உடம்பு தேறியதும் பிறகு நடந்தவை. அந்தப் படியில் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. யாருக்காக அவர் பட்டினி கிடந்தாரோ, அவள்தான் சொம்பில் கயிறு கட்டியவள்.

அம்மா சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு நேராக அவர் எதிரே போய் நின்று பிள்ளையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கைகள் இரண்டையும் வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"தூக்கலாமான்னு கேளுப்பா" என்றார்.