கூடிப்போன அரைப் பாயின்ட்

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒரு பாயின்ட் உண்டு. பிடிமானம் இல்லாமல் நிமிர்ந்து உட்கார முடியாதவருக்கு ஒன்று. குனிந்து, நிமிர்ந்து, இரண்டு பக்கமும் நன்றாகச் சாய முடிந்தவருக்கு நாலரை. களத்தில் இறங்கும் ஐந்து பேரின் பாயின்ட்டும் சேர்ந்து பதினாலைத் தாண்டக் கூடாது. பலமானவர்களே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. நியாயமானதுதான். என் தலையில் விழும்வரை நானும் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அலங்காநல்லூர் சாலையில் வண்டியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவள் நான். உடம்பைத் திருப்ப முடியும். முதலில் மதிப்பிட்டபோது, குனிந்தால் கையூன்றாமல் நிமிர முடியவில்லை. அதனால் எனக்கு இரண்டு. என்னையும் சேர்த்தால் எங்கள் ஐவருக்குச் சரியாகப் பதினாலு.

இந்த முறை போட்டிக்குப் போனபோது, பாயின்ட் போடும் மதிப்பீட்டாளர்கள் என்னை மறுபடி மதிப்பிட வேண்டும் என்றார்கள். நாம் ஆடும்போது ஓரத்தில் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு நம் உடம்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அணியில் நாலரை பாயின்ட்காரி ஒருத்தி, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவள், என்னிடம் வந்து, "அக்கா, இன்னிக்கு ரொம்பக் குனியாதீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏமாற்றி ஆடவா இத்தனை பாடு? ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

ஆட்டத்தில் பந்து என் சக்கரத்துக்குப் பக்கத்தில் உருண்டு வந்தது. உடம்பு என்னைக் கேட்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, எதையும் பிடிக்காமல் நிமிர்ந்துவிட்டேன். குனியாதே என்றவளே கைதட்டினாள்.

எனக்கு இரண்டரை என்றார்கள். ஐவருக்கும் சேர்த்துப் பதினாலரை ஆகிவிட்டது. அடுத்த ஆட்டத்தில் என் இடத்தில் இரண்டு பாயின்ட் பெண் ஒருத்தி இறங்கினாள். நன்றாக வேறு ஆடினாள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

செல்லூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்து தறிக்கூடம். நான் வந்து சொன்னபோது, அந்தச் சத்தத்தில் பாயின்ட் கூடியது மட்டும்தான் அம்மா காதில் விழுந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்து கேசரிக்கு ரவையை வறுக்க ஆரம்பித்தாள். தினமும் காலையில் என் தோளைப் பிடித்துக் குனியவைத்து, நிமிர்த்திப் பழக்கியவள் அவள்தான். மீதியையும் சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

வறுத்த ரவையைத் தட்டில் கொட்டிக்கொண்டே, "அப்ப நாளைக்குக் காலையில குனிஞ்சு பழக வேணாமா தாயி?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகைதான் வந்தது.