பேசி அனுப்பத் தெரியாதவன்

காக்கி மாட்டியவர்களுக்குத் தெரியும்: இந்த வேலையில் தப்பு செய்தால் மெமோ வரும், சரியாகச் செய்தால் தூக்கம் போகும். திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் குவிந்த இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் நான் சப்-இன்ஸ்பெக்டர். அங்கே சரியாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

இரண்டு பனியன்

பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் பையைச் சோதிப்பார்கள். அப்படித்தான் செல்வி மாட்டினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், டெய்லர். டிபன் பையில் குழந்தை பனியன் இரண்டு, அதுவும் எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்டவை. முதலாளி கோபத்தில் புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இந்த மாதிரிக் கேஸை ஸ்டேஷனில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். பேசுகிறவர் பாக்கெட்டும் கொஞ்சம் நிறையும். எனக்கு அது அறவே பிடிக்காது. புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர்., பணக்காரனுக்கும் அதே, ஏழைக்கும் அதே என்று வீம்பாக இருந்தேன். எழுதச் சொன்னேன். ஏட்டு பேனாவை எடுக்காமல் நின்றார். “ஐயா, அந்தப் புள்ள மூஞ்சியை ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க.”

மறுநாள் காலை

நான் பார்த்திருக்க வேண்டும்; பார்க்கவில்லை. ரிமாண்ட் ஆகி கோவை ஜெயிலுக்குப் போனாள், ஐந்து மாதக் கைக்குழந்தையோடு. குழந்தை இருப்பது தெரிந்ததும் முதலாளி ஓடி வந்தார். நல்ல மனுஷன். புகாரைக் கிழித்துப் போடச் சொன்னார். கோர்ட்டுக்குப் போன எஃப்.ஐ.ஆரை நான் கிழிக்க முடியாது என்றேன். உண்மைதான், முடியாது. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி கேட்டார்: “ஏனுங்க சார், தப்பாத் தெச்ச பனியனையே நாங்க பிரிச்சுத் தெக்கறோமுங்க. நீங்க எழுதுனதைப் பிரிக்கவே முடியாதுங்களா?”

பூண்டியில்

கோர்ட்டில் முதலாளி “ஞாபகமில்லீங்க” என்று சொல்லிவிட்டார். செல்விக்கு விடுதலை.

அப்புறம் ஒருநாள் திருமுருகன்பூண்டிக்குப் பந்தோபஸ்து போனேன். சிலை செதுக்கும் பட்டறையில் கல் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள், இருமிக்கொண்டே. போலீஸ் கேஸ் ஆனவள் என்று எந்தக் கம்பெனியும் மிஷினில் உட்காரவிடவில்லையாம். வீட்டுக்காரனும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். “என்மேல் கோபமாம்மா?” என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னாள்: “கோவம்லாம் இல்ல சார். வேற யாராச்சும்னா துட்டு கேட்டிருப்பாவ. எப்படியாச்சும் பெரட்டிக் குடுத்துட்டு அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்க நல்லவரால்லா இருந்துட்டிய.”

என் சர்வீஸில் என் நேர்மையின் மேல் வந்த ஒரே புகார் இதுதான்; எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்று இன்னும் தெரியவில்லை.