நாத்தனாருக்கும் கொழுப்பு

மாதா கோயில் திருவிழா அன்று, எங்கள் வீட்டு மத்தியானப் பந்தியில்தான் என் நாத்தனார் அதைச் சொன்னாள். முந்தின வாரம்தான் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. கெட்ட கொழுப்பு அதிகம், சர்க்கரையும் எல்லையைத் தொட்டு நிற்கிறது. துறைமுக ஏஜென்ட் அலுவலகத்தில் இருபது வருடமாக உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கு வேறென்ன வரும்?

"மைனி, நீங்க கவலைப்படாதீங்க. அண்ணனுக்குப் பெரியதாழையில ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன்."

பந்தியே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். கறிக்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்த நான் அவள் இலையை மட்டும் தாண்டிப் போனேன். இவளுக்கு முன்னால் நான் சாகக் கூடாது என்று அப்போதே முடிவுசெய்தேன்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். நடக்கச் சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு இறங்கியிருந்தது, சர்க்கரையும் இடுப்பும் அப்படியே இருந்தன.

"மாத்திரை அது வேலையப் பாத்துட்டு. உங்க வேலைய நீங்கதானம்மா பாக்கணும்?" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு விடிந்ததும் கடற்கரைச் சாலையில் நடந்தேன். நிலக்கரி லாரிகள் தூசியை வாரி இறைத்துக்கொண்டு போகும். கையில் ஜெபமாலை இருக்கும், வாயில் ஜெபம் இருக்காது. முழங்கால் வலிக்கும்போதெல்லாம் நாத்தனார் பல் தெரியச் சிரித்ததை நினைத்துக்கொள்வேன். கால் தானாக வேகமெடுக்கும்.

உடம்பு லேசானதும் திமிர் வந்தது. அதுதான் நடக்கிறோமே என்று மாத்திரையை நானாக நிறுத்தினேன். கொழுப்பு பழையபடி ஏறிக்கொண்டது. டாக்டரம்மா திட்டிய திட்டில், அதன்பின் இரண்டில் எதையும் விடவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு வந்த நாத்தனார், அடுக்களையில் என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள்.

"மைனி, எனக்கும் கொழுப்பு இருக்காம். மாத்திரை போட ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாதாமே?" கண் கலங்கியிருந்தது.

நான் கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "ஏய், எல்லாரும் கேட்டியளா? இவளுக்குக் கொழுப்பாம்!"

கூடம் வெடித்துச் சிரித்தது. அவள் முகம் செத்துப்போனது. எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மறுநாள் கடற்கரைச் சாலைக்கு இழுத்துப்போனேன்.

"மைனி, மெதுவாப் போங்க. மூச்சு வாங்குது."

அவள் விழுந்துவிடாத அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏளா, அவளை மன்னிச்சிட்டியா?" என்று வீடு திரும்பியதும் கணவர் கேட்டார்.

"இல்ல. அவ ரொம்ப நாள் இருக்கணும். நான் நல்லா இருக்கத தினமும் பாக்கணும்."

இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. மறுநாளும் ஐந்தரைக்கே போய் மணியடித்தேன்.