சமையலறை டைல்ஸில் பச்சை பெயிண்ட்

அரியலூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில், சமையலறை டைல்ஸுக்கும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்கச் சோம்பல்பட்டு, பொங்கலுக்குப் பொங்கல் சுவரோடு சேர்த்துப் பூசியிருக்கிறார்கள்.

மனைவியும் நானும் தின்னர் ஊற்றி, இரும்புத் தகட்டால் சுரண்டினோம். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. உள்ளே சந்தன நிற டைல்ஸ். ஒன்றுகூட உடையவில்லை.

இன்று காலை வீட்டுக்காரம்மா வந்தார். டைல்ஸைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நம்ம வூடா சார் இது? பாழடைஞ்ச வூட்டுல எப்படிக் குடித்தனம் பண்றதுன்னு மருமவ வரமாட்டேன்னுச்சு. இதப் பாத்தா வந்துடும். நீங்க வேற வூடு பாத்துக்குங்க."

"சுரண்டினது நாங்க, காலி பண்றதும் நாங்களாம்மா?" என்றாள் மனைவி.

"கோவிச்சுக்காதம்மா. குடுத்தபடியே வூட்டத் திருப்பிக் குடுத்துடணும்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அந்த நிபந்தனை நியாயமானதுதான். சாயங்காலமே கடைக்குப் போய் அதே பச்சையில் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டேன்.

மனைவி வேண்டாம் என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், ஒரு கோட் போதுமா, இரண்டு கோட் அடிக்கட்டுமா?